நீச்சல் குளத்துக்குத் தைத்த சட்டை

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் மூச்சு விடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, அதாவது பால் வண்டி வந்து போன பிறகு, முதல் ஷிப்ட் கம்பெனி வேன் வருவதற்கு முன்பு. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், திருப்பூரில் அந்த வேளையில் எல்லாரும் டிபன் பாக்ஸும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள், நின்று ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான். குளம் மூச்சு விட்டது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் மூச்சு விட்டது குளத்தைச் சுற்றியும் அதன் மேலும் நின்றிருந்த வலைக்கூண்டு.

அந்தக் கூண்டு வந்த கதை சின்னது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தைக் கட்டியவர் அமெரிக்காவில் மருமகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தார், அங்கே குளத்தைச் சுற்றி அலுமினியத் தூண் நட்டு, நாலு பக்கமும் தலைக்கு மேலும் கொசுவலை அடித்து, இலை தழை பூச்சி பொட்டு எதுவும் தண்ணீரில் விழாதபடி வைத்திருந்ததைப் பார்த்தார், திரும்பி வந்து எங்கள் அறுபத்து நாலு வீட்டுக்கும் நடுவில் அப்படியே ஒன்றைக் கட்டிவிட்டார். முதல் இரண்டு வருடம் ஒறம்பரை விருந்தாளி என்று யார் வந்தாலும் வீட்டைக் காட்டுவதற்கு முன் கூண்டைத்தான் காட்டினோம். அதற்குப் பிறகு அதை யார் பார்த்தோம்? வலை கிழிந்தது, போல்ட்டுகள் துருப்பிடித்துத் தூணெல்லாம் பழுப்பாக வடிந்தது, அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது, கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது, காக்காய்கள் உள்ளே வந்து குளித்துவிட்டுப் போயின. ஐப்பசியில் பி பிளாக்கில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வந்ததும் சுகாதார ஆய்வாளர் வந்தார், குளத்தைச் சுற்றியிருந்த வடிகாலில் கரண்டியை விட்டு அள்ளினார், நெளிந்த புழுக்களை எல்லாருக்கும் காட்டினார், மார்கழி முடிவதற்குள் கொசு நுழையாதபடி மூடுங்கள், இல்லாவிட்டால் மண் கொட்டி நிரப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சங்கச் செயலாளர் குழந்தைசாமி நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூண்டைப் புதுப்பிக்கக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த கொட்டேஷனைப் படித்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், பிறகு குளத்தை மூடிக் கார் நிறுத்த இடம் பண்ணிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னார், எங்களில் பாதிப் பேரிடம் கார் இருந்தது, முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது, ஆகவே எல்லாரும் தலையாட்டினோம். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தலையாட்டாதவள் ஒரே ஒருத்தி, சி பிளாக் சாந்தாமணி. பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் செக்‌ஷனில் நிற்கிறவள், ஒரு சட்டையை விளக்கடியில் ஒரு முறை புரட்டினால் போதும், எங்கே தையல் தவறியிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள், அம்பு ஒட்டிய சட்டை திரும்பிப் போய்விடும், அம்பு இல்லாதது பாஸ். அவளிடமிருந்து நல்ல வார்த்தை வாங்குவது கஷ்டம் என்று கம்பெனியிலும் சொல்வார்கள், குடியிருப்பிலும் சொல்வோம். அவள் கணவர் மயில்சாமி நிட்டிங் மிஷின் ஓட்டியவர்; ஒன்றரை வருடத்துக்கு முன் மிஷின் முன்னாலேயே இடப்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு விழுந்தார். தரையில் அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சளவு தண்ணீரில் இறக்கிவிட்டால், என்ன காரணமோ, அந்தக் கால் எழுந்தது, முன்னே வந்தது, ஊன்றியது. வைத்தியம் பார்த்த பெண், இன்னும் இரண்டு மாதம் தண்ணீரில் நடந்தால் தரையிலும் நடந்துவிடுவார், இப்போது நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் தினமும் விடியலில் சாந்தாமணி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, மிதக்கும் இலைகளை அரித்தெடுத்துவிட்டு, அவரைத் தண்ணீரில் இறக்கினாள். குளத்தில் கார் நின்றால் அவர் எங்கே நடப்பார் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

கூட்டத்தில் அவள் அழவில்லை. எழுந்து நின்று, கம்பெனிக்காரன் வேண்டாம், நாமே செய்வோம் என்றாள். நமக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று குழந்தைசாமி கேட்டார்.

"இந்த அறுபத்து நாலு வூட்டுல இருந்து ஒலகத்துக்கே சட்டை தெச்சு அனுப்பறமுங்க," என்றாள் சாந்தாமணி. "நம்ம கூண்டுக்கு ஒரு சட்டை தெச்சுப் போடறதுக்குத் தெரியாதுங்களா?"

சரி, போகிப் பண்டிகை வரைக்கும் பார்ப்போம், அன்றைக்குத்தான் ஆய்வாளர் வருகிறார், ஆனால் மண் லாரிக்குச் சொன்னது சொன்னதுதான், அதுவும் அன்றைக்கு வாசலில் வந்து நிற்கும் என்றார் குழந்தைசாமி.

மறுநாளே அவள் ஸ்டிக்கர் கட்டோடு இறங்கினாள். துருப்பிடித்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அம்பு, கிழிசலுக்கு ஓர் அம்பு, பொரிந்த தூணுக்கு, வளைந்த விட்டத்துக்கு, தொங்கிய கதவுக்கு என்று ஒட்டிக்கொண்டே போனாள், சாயங்காலத்துக்குள் கூண்டு அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மயில்சாமி தன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டி, "இங்க ஒண்ணு உட்டுப்போட்டியே," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஓர் அம்பைப் பிய்த்து அந்த முழங்காலில் அழுத்தி ஒட்டினாள். அன்றிலிருந்து தினமும் அவர் குளித்து வந்ததும் புதிதாக ஒன்று ஒட்டுவது வழக்கமாகிவிட்டது.

ஓர் அம்பு, ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டோம். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கிழிந்த வலையை உரித்தெடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாகப் பத்தொன்பது வருட அழுக்கைத் தேய்த்தார்கள், துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றி எவர்சில்வர் போல்ட் மாட்டினார்கள், வெள்ளையாகப் பொரிந்ததை உப்புத்தாள் போட்டுச் சுரண்டிப் பிரைமர் அடித்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். ஒரு வேலை முடிந்ததும் சாந்தாமணி வந்து தடவிப் பார்த்து, திருப்தியானால் அம்பைப் பிய்த்தாள், ஆகாவிட்டால் பக்கத்தில் இன்னொன்று ஒட்டினாள். பதினேழு நாளில் தூண்களில் ஓர் அம்பும் இல்லை. கூண்டு எலும்பும் தோலுமாக அல்ல, எலும்பு மட்டுமாகப் பளபளவென்று நின்றது.

வலைக்கு அளவெடுக்க ஏ பிளாக் மீரான் மாஸ்டர் வந்தார். கட்டிங் மாஸ்டர், முப்பது வருடமாக மனித உடம்பைத் தவிர வேறெதற்கும் துணி வெட்டியதில்லை. ஆகவே அவர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, கூண்டைச் சுற்றி வந்து, தோள்பட்டை இவ்வளவு, நெஞ்சுச் சுற்று இவ்வளவு, இடுப்பு, இறக்கம், வாசலுக்குக் கழுத்து என்று ஏணி மேல் ஏறி ஏறி அளந்து எழுதிக்கொண்டார். கம்பெனிக்காரன் வந்திருந்தால் வலையைத் தம்பட்டத் தோலாக இழுத்துக் கட்டியிருப்பான். மாஸ்டர் கை வழக்கத்தில் நெஞ்சளவோடு இரண்டு இன்ச் கூட்டி எழுதினார்.

"மாஸ்டர், இது அலுமினியக் கூண்டுங்க, ஆளா என்ன?" என்றாள் சாந்தாமணி.

"போட்டுக்கறது யாரா வேணாலும் இருக்கட்டும்மா. நெஞ்சுல ரெண்டு இன்ச் லூஸ் உடாம நான் இதுவரைக்கும் வெட்டுனதில்ல."

அவள் கையில் அம்பு தயாராக இருந்தது. அதை அவர் எழுதிய சீட்டின் மேல் ஒட்டப் போனவள் ஒட்டாமல் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் தெரிந்தே விட்ட ஒரே தவறு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்காரர் ஒருவரின் தையல் யூனிட்டைத் திறந்து பதினோரு மிஷினில் தைத்தோம். ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்தோம், மடிப்புக்குப் பட்டி வைத்தோம், வாசலுக்குக் கழுத்து ரிப் வைத்தோம், பழக்கதோஷத்தில் பெண்கள் கழுத்துக்குள் லேபிளும் வைத்துவிட்டார்கள், சைஸுக்கு எக்ஸ் எழுத்துகள் ஒரு வரி முழுக்கப் போய்க்கொண்டே இருந்தன, கீழே இஸ்திரி போடக் கூடாது என்று பெருக்கல் குறியிட்ட படமும் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் எல்லாருமாகத் தூக்கிக் கூண்டுக்குப் போட்டோம். வலை ஓரத்தைச் சட்டத்தின் பள்ளத்தில் வைத்து அதன் மேல் ரப்பர் பீடிங்கை அழுத்த வேண்டும், அதற்கென்று ஒரு சக்கரம் விற்கிறதாம், எங்களிடம் இல்லை, துணியில் புள்ளி புள்ளியாகக் கோடு போடும் பல்சக்கரத்தாலேயே உருட்டி உருட்டி அழுத்தினோம். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், இழுத்துப் பிடித்து நிற்க வேண்டிய வலை நெஞ்சுப் பக்கம் தொளதொளவென்று தொங்கியது. குழந்தைசாமி அந்தத் தொங்கலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார், அது எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை. சாந்தாமணி கணவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, இலை அசையவில்லை, கொடியில் துணி அசையவில்லை, ஆனால் கிழக்குப் பக்கத்து வலை மெல்ல வெளியே புடைத்தது, அந்த இரண்டு இன்ச்சும் நிறைந்ததும் ஒரு கணம் நின்றது, பிறகு மெல்ல உள்ளே வந்தது, வாசல் வழியாக இளஞ்சூடான காற்று அவள் முகத்தில் பட்டது. மறுபடி புடைத்தது, மறுபடி தணிந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள், தையல் எங்காவது விடுகிறதா என்று சுற்றி வந்து சோதித்தாள், எங்கும் விடவில்லை, அவரைக் கரையேற்றி வீட்டில் விட்டாள், வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டாள். அன்று பகலில் வேலைக்குப் போகாதவர்கள் பார்த்தார்கள், சாயங்காலம் வேலைக்குப் போனவர்கள் பார்த்தார்கள், மாஸ்டரிடம் கேட்டதற்கு, இடம் விட்டால் மூச்சு விடாமல் என்ன செய்யும் என்றார்.

அதற்குப் பிறகு அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. கொசு உள்ளே வரப் பார்த்தால் அடுத்த மூச்சில் வெளியே போய் விழுந்தது, வடிகாலில் ஒரு புழு இல்லை. ஆனால் பி பிளாக் தரைத்தளத்தில் ஒருவர் கூண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுவதால் தூக்கம் கெடுகிறது என்று புகார் எழுதினார், அவர் குறட்டையால் கெடும் தூக்கத்தைப் பற்றி அவர் மனைவி அதற்குக் கீழேயே எழுதினார். குளத்துப் பக்கம் சமையலறை உள்ளவர்கள் மிளகாய் வறுத்தால் கூண்டு இருமியது, ஆகவே வறுப்பவர்கள் முன்கூட்டித் தெரிவிக்கவும் என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. சிலர் சூடம் கொண்டுவந்தார்கள், புகை ஆகாது என்று மாஸ்டர் தடுத்தார், பூ மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். மார்கழிப் பனியில் இரண்டு நாள் அதற்குச் சளி கட்டி கர்கர் என்றது, பெண்கள் சாயப்பட்டறையிலிருந்து பெரிய டிரம் ஒன்றைக் கடன் வாங்கி, நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து உள்ளே வைத்து ஆவி காட்டினார்கள், கூண்டு ஒரு தும்மல் போட்டது, ஸ்டாண்டில் நின்ற அத்தனை பைக்கும் வரிசையாகச் சாய்ந்தன, அதோடு சளி விட்டது. பஞ்சு தூசியில் நெஞ்சு கெட்டுப்போனவர்கள் நாற்காலி கொண்டுவந்து உள்ளே உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்கள் மூச்சும் அதன் மூச்சோடு சேர்ந்து சீராகியது. உள்ளே நூல் விலை பேசக் கூடாது என்று மட்டும் ஒரு விதி போட்டோம், பேசினால் கூண்டுக்குப் படபடப்பு வந்தது.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சுகாதார ஆய்வாளர் பார்த்துப் போக வந்தார். வடிகாலில் கரண்டி விட்டுத் திருப்திப்பட்டார். பிறகு வலை புடைப்பதையும் தணிவதையும் பார்த்தார், பையிலிருந்த படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். கட்டுமானம் அசையாமல் உள்ளதா, ஆம் அல்லது இல்லை என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"மூச்சு உடறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க," என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு. "படிவத்துல அதுக்கு எடம் இல்ல. போகியன்னிக்கு நாலு தூணுலயும் தூக்குக்குண்டு புடிச்சுப் பார்ப்பேன். அந்த நேரத்துக்கு அசையாம நின்னுருச்சுன்னா ஆம்னு போட்டுருவேன்."

மூச்சை நிறுத்து என்று கூண்டிடம் யார் சொல்வது? வலையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிடலாம் என்றார் குழந்தைசாமி. மாஸ்டர் முகம் செத்துப்போனது. அப்போது சாந்தாமணி, அதற்குத் தேவையில்லை என்றாள். அவள் நான்காம் நாளே ஒன்றைக் கவனித்திருந்தாள், கவனிப்பதுதானே அவள் வேலை: மயில்சாமி தண்ணீரில் இருக்கும்போது அவர் மூச்சும் கூண்டின் மூச்சும் ஒன்றாகவே போயின, அவர் தலையை முக்கி மூச்சைப் பிடித்தால் கூண்டும் பிடித்தது. ஆய்வாளர் நாலு தூணைச் சுற்றி வரும் வரைக்கும் அவர் முங்கியிருந்தால் போதும். ஆனால் ஆய்வாளர் கனத்த மனிதர், மெதுவாக நடப்பவர், ஒரு சுற்றுக்கு எழுபது எண்ணிக்கையாவது ஆகும். மயில்சாமியால் முதல் நாள் இருபதுதான் முடிந்தது. மறுநாள் முப்பத்தொன்று. போகிக்கு முந்தைய நாள் ஐம்பத்தி நாலு எண்ணியபோது முகம் நீலம் பாரித்து மேலே வந்தார். வேண்டாம் மாமா, இறுக்கியே கட்டிக்கலாம் என்றாள் அவள். "அது என்னை நம்பித்தான் புள்ள மூச்சு உடுது," என்றார் அவர்.

போகியன்று எங்கள் குடியிருப்பில் யாரும் எதையும் கொளுத்தவில்லை, பழைய பாய் தலையணையெல்லாம் மூட்டையாகவே கிடந்தன. மண் லாரி எட்டு மணிக்கே வாசலில் வந்து நின்றது. பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். மயில்சாமி ஏற்கனவே தண்ணீரில், படிக்கட்டின் ஓரம், முழங்காலில் அன்றைய அம்போடு நின்றிருந்தார். ஆய்வாளர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதும் அவர் நீளமாக ஒரு மூச்சு இழுத்து முங்கினார், கூண்டும் இழுத்துப் புடைத்து அப்படியே நின்றது.

சாந்தாமணி உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள், அறுபத்து நாலு வீட்டு ஜனமும் மாடியிலும் பால்கனியிலும் நின்று கூடவே எண்ணியது. முதல் தூணுக்கு இருபது, இரண்டாவது தூணுக்கு நாற்பத்தொன்று. மூன்றாவது தூணில் ஆய்வாளரின் பேனா கீழே விழுந்தது, குனிந்து தேடினார், அறுபது தாண்டியது, எழுபது தாண்டியது, எங்களில் பாதிப் பேர் எங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நாலாவது தூணில் குண்டு ஆடாமல் நின்றது. அவர் படிவத்தைத் தூணில் வைத்து, ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். எண்பத்தி ஒன்பது. மேலே வரச் சொல்லிச் சாந்தாமணி குளத்தின் விளிம்பைக் காலால் ஓங்கி உதைத்தாள்.

மயில்சாமி மேலே வந்து விட்ட மூச்சோடு கூண்டும் தன் மூச்சை விட்டது. அத்தனை நேரம் அடக்கியது மொத்தமும் வாசல் வழியாகக் கிளம்பியது. மொட்டை மாடித் துணிகள் எல்லாம் ஒரே திசையில் பறந்தன, ஆய்வாளர் கையிலிருந்த படிவம் எகிறியது, குழந்தைசாமி அறுபத்தெட்டு வயதில் துள்ளி அதை இரண்டு கையாலும் பிடித்தார், குடியிருப்பு வாசலில் நின்ற லாரி தன் மண்ணோடு நாலடி பின்னால் உருண்டு போனது. அந்தக் காற்று போன வழியில்தான் மயில்சாமியும் இருந்தார். அது அவரைத் தண்ணீர் தாங்குவது போலவே தாங்கியது. அவர் ஒரு படி ஏறினார், இரண்டாவது படி ஏறினார், மூன்றாவது, நாலாவது ஏறித் தரைக்கு வந்தார், நெஞ்சளவுக்கு ஒன்றுமே இல்லாத வெறும் தரையில் இடது காலை எடுத்து வைத்தார், வலது காலை எடுத்து வைத்தார், நாற்காலியைத் தாண்டினார், கூண்டு வாசல் பக்கத்து விளிம்பில் நின்ற மனைவியை நோக்கி வந்துகொண்டே இருந்தார். பாதி வழியில் காற்று தீர்ந்துவிட்டது. எல்லாருக்கும் அது தெரிந்தது, ஏனென்றால் பறந்த துணிகள் விழத் தொடங்கின. அவர் விழவில்லை. இன்னும் ஏழு அடி இருந்தது, அந்த ஏழு அடியையும் அவராகவே நடந்தார்.

சாந்தாமணி ஓடிப் போய்த் தாங்கவில்லை. விளக்கடியில் சட்டையைப் பார்ப்பது போல அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்: இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது, பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்துக்கொண்டிருந்தது. இதில் கால்வாசிக் குறை இருந்தாலே அவள் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் குனிந்து, அவர் முழங்காலில் இருந்த சிவப்பு அம்பை நகத்தால் மெதுவாகப் பிய்த்தாள்.

"பாஸ்," என்றாள்.

அவள் பின்னால் கூண்டு, யாரும் சொல்லாமலே, அடுத்த மூச்சை இழுத்தது.